இறகை விலக்கிப் பார்த்தால்

2023 அக்டோபர் 8, ஞாயிறு

காலையில் கூண்டைத் திறந்ததும் தரையெல்லாம் இறகு. கீரி புகுந்துவிட்டதோ என்று பதறிப்போய் எண்ணினேன். ஏழு பெட்டை, ஒரு சேவல், எல்லாம் இருந்தன. ரத்தமும் இல்லை. வெயிலில் வந்து நின்ற பிறகுதான் ஒவ்வொன்றின் கோலமும் தெரிந்தது. கருப்பியின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல். சாம்பலின் வாலடியில் இறகெல்லாம் அழுக்கேறித் திரிதிரியாக ஒட்டிக் கிடக்கிறது. செவலைக்குக் கழுத்து மொட்டை. அடைக்குப் படுத்திருக்கும் புள்ளியைத் தூக்கினால் நெஞ்சில் ஓர் இறகுகூட இல்லை. சேவலின் கால் செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு அப்பியதுபோல வெளுத்திருக்கின்றன. தினமும் இரை போடுகிறவள் நான். இத்தனையும் ஒரே ராத்திரியில் வந்திருக்காது. இவ்வளவு நாள் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

சென்னையை ஒட்டிய நூம்பலில் எங்களுடையது அரை கிரவுண்டு மனை. வீடு போக மிச்சமிருக்கும் கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு வேம்பு, துவைக்கிற கல், அதை ஒட்டிக் கோழிக்கூண்டு. அத்தை வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் சுற்றிலும் நெல்வயலாம். காலையில் திறந்துவிட்டால் கோழி சாயங்காலம்தான் வீட்டுக்கு வருமாம். இப்போது நாலு பக்கமும் மதில். வேலப்பன்சாவடிப் பக்கம் நெடுஞ்சாலையின் இரைச்சல் விடியும் முன்பே தொடங்கிவிடுகிறது. எட்டு உயிருக்கும் அந்தக் கொல்லைதான் உலகம்.

எதிர்வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "எல்லாத்துக்கும் ஒரே சீக்குதாம்மா. ஒண்ணுக்கு வந்தா அத்தனைக்கும் வரும். புரட்டாசி முடியட்டும், அடிச்சுக் கொழம்பு வச்சிடுங்க."

அத்தைக்கு 78 வயது. கண்ணில் புரை. திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "ராத்திரி பாக்கலாம். பகல்ல கோழி எதையும் காட்டாது."

அன்று இரவு

எட்டு மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போனோம். பரணில் உட்கார்ந்துவிட்ட கோழி இருட்டில் கையில் எடுத்தால் அடங்கியிருக்கிறது. சாம்பலின் தலையை அத்தை தன் கைக்கடியில் செருகிக்கொண்டு, வாலைத் தூக்கி, எச்சம் வரும் இடத்துக்குக் கீழே இறகை இரண்டு பக்கமும் விலக்கினார். "வெளக்க கிட்ட புடி. சுருக்கா பாரு, ஓடிடும்."

ஓடின. வைக்கோல் நிறத்தில், ஏறக்குறைய எள் நீளம்தான் இருக்கும்; வெளிச்சம் பட்டதும் தோலோடு தோலாகப் பதுங்கி ஓடின. இறகின் அடித்தண்டில் வெள்ளையாக, சர்க்கரையை ஈரக் கையால் அப்பியதுபோல ஒரு கட்டி. நான் அழுக்கு என்று நினைத்தது அதைத்தான். அத்தை விரலால் நெருடி, "ஈரு" என்றார். அத்தனையும் பேன் முட்டை.

அத்தைக்குப் பேன், உண்ணி, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி எல்லாமே "செள்ளு"தான். ஆனால் இவை தங்கும் விதம் வேறு வேறு. பேன் பூச்சி இனம், ஆறு கால். பிறந்து சாகும்வரை கோழியின் உடம்பிலேயே கிடக்கும். கீழே விழுந்தால் ஒரு வாரம் தாங்குவதே அரிது. சிவப்புச் சிற்றுண்ணிக்கு எட்டுக் கால். அது பகலெல்லாம் பரண் கட்டையின் விரிசலில் ஒளிந்திருந்து, இரவில் மட்டும் ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். பகலில் கோழியை எத்தனை புரட்டினாலும் அது அகப்படாது. அதற்காக ஒரு வெள்ளைத் தாளைப் பரணின் அடிப்பக்கத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். ரத்தக் கீறல் விழுந்தால் சிற்றுண்ணி இருக்கிறதென்று பொருள். தாள் வெள்ளையாகவே வந்தது. மனசுக்குச் சற்று ஆறுதல்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்தோம். கருப்பியின் முதுகில் பேனே இல்லை. இறகு பாதியில் முறிந்திருந்தது, தோலில் இரண்டு பக்கமும் கீறல். சேவல் ஏறி மிதித்த இடம். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது பழைய கணக்கு. இங்கே ஏழுதான், அதிலும் அவனுக்குக் கருப்பிமேல்தான் கண். செவலையின் கழுத்தைத் தடவினால் முள் முள்ளாகக் கையில் குத்துகிறது. புது இறகு உறையோடு கிளம்புகிறது. அது நோயே இல்லை, ஆண்டுக்கொரு முறை வருகிற இறகு உதிர்ப்பு. புள்ளியின் நெஞ்சு, அடைக்கோழியின் நெஞ்சு. முட்டைக்கு உடம்புச் சூடு நேராகப் படட்டும் என்று இறகு அங்கே கழிந்துவிடுகிறது. அவளிடம் பேனும் இருந்தது. சேவலின் காலில் செதிலுக்கு அடியில் குடைகிற வேறொரு சிற்றுண்ணி.

ஒரே கூண்டு. 'இறகு கொட்டுது' என்று ஒரே சொல்லில் நான் சொல்லியிருப்பேன். ஐந்து கோழிக்கு ஐந்து காரணம்.

அக்டோபர் 9, திங்கள்

பக்கத்து வீட்டுத் தம்பி நல்ல பிள்ளை. நாய் வளர்க்கிறான். விஷயம் கேள்விப்பட்டதும் சின்னக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்தான். "ஆன்ட்டி, கழுத்துப் பின்னாடி ரெண்டு சொட்டு விட்டா போதும். ஒரு மாசத்துக்குக் கவலையே இல்ல." குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். ஃபிப்ரோனில்.

இந்தப் பெயரை நான் மறக்கவில்லை. 2017 கோடையில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து எடுத்து அழித்தார்கள். கோழிப் பண்ணைகளில் சிவப்புச் சிற்றுண்ணியை ஒழிக்க அடித்த ஒரு கலவையில் இந்த மருந்து சேர்ந்திருந்தது. உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்கு அங்கே அதற்கு அனுமதி இல்லை. கொழுப்பில் தங்கும் மருந்து அது. கோழிக்குள் போனால் மஞ்சள் கருவுக்குள்ளும் போய்விடும். பேன் செத்ததா என்றால் செத்திருக்கும். ஆனால் முட்டையைக் குழந்தைக்குக் கொடுக்க முடியாது.

தம்பியிடம் அதைச் சொன்னேன். "நாய் முட்டை போடாதுப்பா, அதான் வித்தியாசம்." அவனுக்குப் புரிந்தது, குப்பியை எடுத்துப் போனான். வீட்டுக் கோழி வைத்திருக்கிற எல்லாரும் இந்த ஒன்றை மனதில் வைக்க வேண்டும். நாய்க்கு, மாட்டுக்கு, வயலுக்கு என்று எழுதியிருக்கிற மருந்தை முட்டைக் கோழியின்மேல் ஊற்றக் கூடாது. மூட்டைப்பூச்சி மருந்தைக் கூண்டுக்குள் அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் புகையும் முதலில் போவது கோழியின் நுரையீரலுக்குத்தான்.

அக்டோபர் 10, செவ்வாய்

சாம்பலைக் கூடையில் வைத்து, மேலே வலைத்துணி கட்டி, அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். முன்னால் இரண்டு ஆடு, ஒரு நாய்க்குட்டி, தடுப்பூசிக்கு வந்த ஒரு கன்று. கோழிக்காக இவ்வளவு தூரம் வந்தீர்களா என்று ஒருவர் கேட்டார். வருவதுதானே முறை?

மருத்துவர் இளம்பெண். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1903-ல் தொடங்கிய அந்தக் கல்லூரி நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதே பெரிய காரியம். சாம்பலின் நெஞ்செலும்பை விரலால் வருடிப் பார்த்தார். கத்திபோல் கூராக நின்றது. "ரத்தம் குறைஞ்சிருக்கு, கொண்டை பாருங்க, வெளுத்திருக்கு." பிறகு இறகை விலக்கினார், அத்தை விலக்கிய அதே இடத்தில். பேனுக்கு ஈரமும் சூடும் நிறைய கிடைப்பது அங்கேதான் என்றார். அடுத்து இறக்கைக்கடி, தொடை இடுக்கு, கொண்டைக்குப் பின்னால். குஞ்சாக இருந்தால் தலையை முதலில் பார்க்க வேண்டும் என்றார். தலைப்பேன் ஏறினால் குஞ்சு செத்தே போகும்.

"மருந்து இருக்கு. ஆனா முட்டையைப் பல நாள் தூக்கிப் போடணும். இன்னும் அந்த அளவுக்குப் போகல. கூண்டைச் சுத்தம் பண்ணுங்க, எட்டுக் கோழிக்கும் ஒரே நாள்ல பண்ணுங்க, பத்து நாள் கழிச்சு மறுபடியும் பண்ணுங்க. அப்பவும் குறையலன்னா வாங்க."

எட்டுக்கும் ஒரே நாளில் என்பதை இரண்டு தடவை சொன்னார். இன்றைக்கு நாலு, நாளைக்கு நாலு என்று செய்தால் சுத்தமானதன்மேல் மறுபடி பேன் ஏறிவிடும்.

மூலிகைக் கலவை பற்றிக் கேட்டேன். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி மரபு வைத்தியத்தைத் திரட்டி முறைப்படுத்தியதைச் சொன்னார். மாட்டு உண்ணிக்கு அவர் சொல்லும் கலவையில் வசம்பு, மஞ்சள், பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை எல்லாம் உண்டு. அரைத்துத் தண்ணீரில் கரைத்து வடிகட்டித் தெளிப்பது. கோழிக்கு அதைத் துணியில் நனைத்து வாலடியிலும் இறக்கைக்கடியிலும் மட்டும் ஒற்றலாம், காலை வெயிலில் செய்யுங்கள், மழைநாளில் உடம்பை நனைக்காதீர்கள் என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

இரண்டு நாளாக இடுப்பு ஒடிந்த வேலை. கூண்டிலிருந்த வைக்கோல், உமி, பழைய சாக்கு எல்லாவற்றையும் வாரி எரித்தோம். பரண் கட்டையைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காயப்போட்டேன். செங்கல் சுவரின் விரிசல்களைச் சிமெண்டால் பூசி, உப்பும் வேப்பெண்ணெயும் கலந்த சுண்ணாம்பை இரண்டு கை அடித்தேன். பரணின் இரண்டு முனையிலும் வேப்பெண்ணெய் தடவினேன். இன்றைக்குச் சிற்றுண்ணி இல்லை, நாளைக்குக் காக்கையோ குருவியோ கொண்டுவந்து போடலாம்.

சாம்பலின் வாலடியில் கட்டிப்போன இறகை மட்டும் அத்தை கத்தரியால் வெட்டிப் போட்டார். ஈர் ஒட்டிய இறகை எதைக் கொண்டு கழுவினாலும் ஈர் விடாது. பிடுங்கினால் வலிக்கும். வெட்டி எரிப்பதுதான் வழி. பிறகு எட்டுக்கும் கலவையை ஒற்றினோம்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது புழுதிக் குழி. கோழி மண்ணில் படுத்துப் புரள்வதைப் பார்த்து, சூடு தணிக்கிறது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது அதன் குளியல். இறகில் ஊறிய பழைய எண்ணெயைப் புழுதி உறிஞ்சிக்கொள்கிறது, அடுத்து உதறும்போது எல்லாம் கொட்டுகிறது. நுண்ணிய தூள் பூச்சியின் மெழுகு மேல்தோலைத் தேய்த்து, உள்ளிருக்கும் ஈரத்தை வற்றவைத்துக் கொல்கிறது. வயல் இருந்தபோது கோழி தானே இடம் தேடிக்கொண்டது. நாங்கள் கொல்லைக்குச் சிமெண்ட் போட்டோம். மூன்று வருஷத்துக்கு முன்னால், சேறு ஆகிறது என்று நான்தான் போடச் சொன்னேன். எங்கள் கோழிக்குப் பேன் வந்த கதை அங்கேதான் தொடங்குகிறது.

பழைய லாரி டயர் ஒன்றை வேம்புக்கடியில் போட்டு, மேலே ஒரு தகரம் சாய்த்து, சலித்த மண், ஆற்றுமணல், விறகடுப்புச் சாம்பல், காய்ந்த வேப்பிலைத் தூள் நிரப்பினேன். விறகுச் சாம்பல் மட்டும்தான். பிளாஸ்டிக், குப்பை எரித்த சாம்பல் ஆகாது. சாம்பல் நனைந்தால் காரமாகித் தோலை அரிக்கும், அதனால்தான் தகரம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் இந்தப் புழுதிக் குளியலை வைத்தே சோதனை செய்து 2012-ல் வெளியிட்டிருக்கிறார்கள். மணலோடு களிமண் தூளோ பாசிமண் தூளோ சேர்த்தபோது குழியில் புரண்ட கோழிகளுக்குப் பேன் குறைந்தது. கந்தகத் தூள் சேர்த்தபோது ஏறக்குறைய ஒழிந்தே போனது. நான் ஒரு கைப்பிடி கந்தகம் கலந்தேன். அதிகம் போட்டால் கண்ணுக்கும் மூக்குக்கும் எரிச்சல்.

நாமக்கல் பண்ணைக் கூண்டுகளில் இருக்கும் முட்டைக் கோழிக்குப் புரள மண் இல்லை. அலகின் நுனியையும் குறைத்துவிடுகிறார்கள். அலகு முழுசாக இருக்கும் கோழி கோதிக் கோதியே பாதிப் பேனை எடுத்துவிடும். நம் வீட்டுக் கோழிக்கு அலகு இருக்கிறது. மண்ணையும் கொடுத்துவிட்டால் பெரும்பகுதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

சாயங்காலம் முதலில் குழிக்குள் இறங்கியது சாம்பல்தான். அரை மணி நேரம் எழவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

பத்தாம் நாள். இரண்டாவது முறை ஒற்றினோம். ஈருக்குள் இருப்பதை எந்த மருந்தும் தொடாது. நாலிலிருந்து ஏழு நாளில் அது பொரிக்கும். பொரித்தது வளர்ந்து மறுபடி முட்டை வைக்குமுன் பிடித்துவிட வேண்டும். பத்து நாள் என்று மருத்துவர் சொன்னதன் காரணம் இது. முதல் தடவை செய்துவிட்டு, போய்விட்டது என்று விடுகிறவர்களுக்குத்தான் மூன்றாம் வாரம் அத்தனையும் திரும்பி வருகிறது.

டார்ச் வைத்துத் தேடியதில் சாம்பலிடம் நாலு பேன். புள்ளியிடம் ஒன்றுமில்லை. அவளுடைய அடைக் கூடையில் அத்தை மணலுக்குக் கீழே சாம்பலும் வசம்புத் தூளும் போட்டிருந்தார். கூடவே வழக்கப்படி ஓர் இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு மிளகாய். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க என்பார். ஆணிக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். மணலும் சாம்பலும் வசம்பும் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தேன். அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் இறங்குகிறது. புரள அதற்கு நேரமே கிடையாது. அதனால் அடைக்கு வைக்கும் முன்பே பேன் பார்த்துவிட வேண்டும்.

நவம்பர் 3, வெள்ளி

இன்று சேவலின் கால். இதைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்களிடம் வேறொரு சேவல் இருந்தது. அதற்கும் இதே செதில் கால். காலை மண்ணெண்ணெயில் முக்கு என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் முக்கினேன். ஒரு தடவை இல்லை, மூன்று நாள் தொடர்ந்து. தோல் வெந்துபோயிற்று. செதில் உரிந்து கீழே ரத்தம் கசிந்தது. ஒரு மாதம் ஒற்றைக் காலில் நின்றது. பிறகு செத்தது. என் அவசரத்துக்கு அது கொடுத்த விலை அந்த உயிர். மண்ணெண்ணெயும் வண்டியில் வடித்த பழைய ஆயிலும் இன்றும் ஊர் ஊராகச் சொல்லப்படுகின்றன. கேட்காதீர்கள்.

இந்தச் சிற்றுண்ணி செதிலுக்கு அடியில் குடைந்து, அங்கேயே தின்று, அங்கேயே முட்டையிடுகிறது. அதன் கழிவும் காய்ந்த தோலும் சேர்ந்துதான் செதிலைத் தூக்குகின்றன. அதற்கும் மூச்சு வேண்டும். காற்று போகாமல் அடைத்துவிட்டால் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் குளியல் சோப்புக் கரைத்து, பத்து நிமிடம் காலை ஊறவைத்தேன். பழைய பல்துலக்கியால் மேலிருந்து கீழாக, செதில் போகிற போக்கிலேயே மெல்லத் தேய்த்தேன். இளகியது மட்டும் தானாக வந்தது. இளகாததை நகத்தால் பிய்க்கக் கூடாது. நன்றாகத் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்து செதிலின் இடுக்கெல்லாம் இறங்கும்படி தடவி, மேலே வாசலின் பூசினேன். முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒரு முறை. அழகான செதில் வருவதற்கு மாதக் கணக்கில் ஆகும், பழைய செதில் உதிர்ந்து புதியது ஏறினால்தான் கால் வழவழக்கும். பொறுமைதான் இதற்குப் பாதி மருந்து.

அவனுடைய முள்ளின் நுனியையும் அரத்தால் ராவி மழுக்கினோம். கருப்பிக்கு என் மகள் பழைய பருத்தி ரவிக்கைத் துணியில் முதுகுக்கு ஒரு போர்வை தைத்தாள், இறக்கைக்கடியில் நாடாவோடு. வாரம் ஒரு முறை கழற்றித் துவைத்துப் போட வேண்டும். துணிக்கு அடியில் பேன் குடியேறினால் வெளியே தெரியாது.

நவம்பர் 13, திங்கள்

தீபாவளி மறுநாள். இரண்டு நாள் வெடிச் சத்தத்தில் கோழிகள் கூண்டை விட்டு வரவில்லை.

செவலை இப்போது முள்ளம்பன்றி மாதிரி இருக்கிறாள். தலை, கழுத்து, நெஞ்சு என்று உதிர்ந்துகொண்டே போய் இப்போது இறக்கைக்கு வந்திருக்கிறது. வால் கடைசி. நேற்று வேறு இரண்டு பெட்டையும் தொடங்கிவிட்டன. முட்டை நின்று மூன்று வாரம். சென்னையில் ஜூன் மாதப் பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டிசம்பரில் 11 மணி 20 நிமிடம் வரை சுருங்குகிறது. பகல் குறைவதைக் கோழி உடம்பு கணக்குப் பார்க்கிறது. முட்டையை நிறுத்திப் பழைய இறகைக் கழித்துவிட்டுப் புதியதைப் போட இரண்டு, மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறது. இந்த நேரத்தில்தான் நிறைய பேர் 'முட்டை நின்னுபோச்சு, சீக்குக் கோழி' என்று விற்றுவிடுகிறார்கள். வாங்கிப் போகிறவன் பொங்கலுக்குப் பிறகு முட்டை எடுக்கிறான்.

இறகில் பத்தில் ஒன்பது பங்கு புரதம். எரித்தால் வரும் நாற்றத்தில் கந்தகம் இருக்கிறது. கந்தகம் உள்ள புரதச்சத்துத்தான் இறகுக்கு வேண்டும். அரிசி நொய்யிலும் தவிட்டிலும் அது போதாது. நான் இதுவரை கடலைப் பிண்ணாக்கைத்தான் கலந்தேன். அதில் அந்தச் சத்து குறைவு, அதோடு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால் நஞ்சு. எள்ளுப் பிண்ணாக்கில் அது நிறைய. இப்போது எள்ளுப் பிண்ணாக்கு ஒரு பிடி, ஊறவைத்து உப்பைக் கழித்துக் காயவைத்து இடித்த கருவாடு ஒரு பிடி. உப்பைக் கழிக்காமல் போட்டால் கோழி தாங்காது.

முளைக்கும் இறகுக்குள் ரத்தம் ஓடுகிறது. தொட்டால் வலிக்கும். செவலையைப் பத்து நாளாக நான் தூக்கவில்லை. அவளும் அதைத்தான் விரும்புகிறாள்.

நவம்பர் 21, செவ்வாய்

மழை. குழி நனையவில்லை. வேறு விசேஷம் இல்லை.

டிசம்பர் 8, வெள்ளி

மிக்ஜாம் புயல். ஞாயிறு இரவு தொடங்கிய மழை திங்கள் முழுதும் விடவில்லை. கூண்டுக்குள் முழங்கால் தண்ணீர். கோழிகளை மாடிப்படித் திருப்பத்துக்குத் தூக்கி, இரண்டு பஞ்சாரத்தில் நாலு நாலாகக் கவிழ்த்து வைத்தோம். மின்சாரம் இல்லை. நாலு நாள் இருட்டு, ஈரம், நெருக்கம்.

புதன்கிழமை கருப்பியின் முதுகில் ரத்தம். மழையில் நனைந்த போர்வையை நான் கழற்றியிருந்தேன். அங்கே அப்போதுதான் முளைத்த குருத்திறகை மற்றவை கொத்திவிட்டன. குருத்து முறிந்தால் குழாய் திறந்தது மாதிரி ரத்தம் வருகிறது. சிவப்பைக் கண்டதும் மற்ற கோழிகளும் அங்கேயே கொத்துகின்றன; விட்டால் உயிரோடு தின்றுவிடும். மஞ்சள் தூளை அழுத்திப் பிடித்ததில் சில நிமிடத்தில் நின்றது. அவளைத் தனிக் கூடையில் வைத்தேன், மற்றவை பார்க்கும் தூரத்தில். கண்ணுக்குத் தெரியாமல் நாள் கணக்கில் பிரித்துவிட்டால் திரும்பச் சேர்க்கும்போது புதுசு என்று அடிக்கும். புண்ணில் ஈ உட்காராமல் இருக்கத் தேங்காய் எண்ணெயில் சில சொட்டு வேப்பெண்ணெய். மழைக்காலப் புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு.

மற்றவற்றுக்கு முருங்கைக் கொத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். கொத்த ஒன்று கிடைத்ததும் ஒன்றையொன்று விட்டன. அந்தச் சண்டை குணக்கேட்டால் வந்ததில்லை. இடமும் வெளிச்சமும் வேலையும் இல்லாமல் அடைத்து வைத்தது நாம்.

டிசம்பர் 23, சனி

எதிர்வீட்டு அக்கா அவர்களுடைய விடைக்கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொண்டையிலும் கண்ணோரத்திலும் மிளகு மிளகாகக் கொப்புளம். "உங்க வீட்டுப் பேனுதான் வந்துடுச்சோ?" இது அம்மை. தண்ணீர் வடிந்த பிறகு பெருகிய கொசு கொண்டுவந்தது. பொருக்கைக் கிள்ளக் கூடாது, அதற்குள் கிருமி மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும், உதிர்ந்ததைப் பொறுக்கி எரித்துவிடுங்கள், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து மேலே பூசுங்கள், கண் மூடிக்கொண்டால் தண்ணீரும் இரையும் அலகுக்குப் பக்கத்தில் வையுங்கள் என்றேன். வாய்க்குள் கொப்புளம் இருந்தால் மருந்தகத்துக்குத்தான் போக வேண்டும். நாங்கள் இருவரும் அதன் வாயைத் திறந்து பார்த்தோம். இல்லை.

அக்கா அதை அடிக்கவில்லை.

2024 ஜனவரி 14, ஞாயிறு

போகி. பழைய முட்டைப் பெட்டியையும் வெள்ளத்தில் ஊறிய பலகையையும் எரித்தோம். கூண்டுக்கு மறுபடி சுண்ணாம்பு. கொல்லையின் சிமெண்டில் வேம்பைச் சுற்றி எட்டடிக்கு எட்டடி பெயர்த்து எடுக்கக் கொத்தனாரை வரச் சொல்லியிருந்தேன். முடித்துவிட்டுப் போனார். கீழே இன்னும் பழைய வயல் மண் இருக்கிறது, கறுப்பாக. அத்தை ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார்.

செவலையின் கழுத்து இப்போது செம்பு நிறத்தில் மின்னுகிறது. ஒன்பதாம் தேதியிலிருந்து முட்டை போடுகிறாள். சாம்பலின் கொண்டை சிவந்துவிட்டது, நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் சதை ஏறியிருக்கிறது. சேவலின் வலது காலில் பாதி செதில் புதிது. இடது கால் இன்னும் பாக்கி.

பிப்ரவரி 6, செவ்வாய்

கழிச்சல் நோய்த் தடுப்பூசிக்கு எட்டையும் கொண்டுபோனேன். வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரு தெருவில் ஒரு கோழி மிஞ்சாது. எண்ணெயும் சாம்பலும் அதன்முன் நிற்காது. இந்தத் தடுப்பூசியை இங்கே பக்கத்தில், இராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய அரசு நிறுவனம் தயாரிக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை முகாம் நடத்திக் காசில்லாமல் போடுகிறது. பேனாலும் குடற்புழுவாலும் நலிந்த கோழிக்கு ஊசி போட்டால் எதிர்ப்புச் சக்தி சரியாகக் கூடாது. முன்கூட்டியே உடம்பைத் தேற்றிவைக்க வேண்டும். ஊசி போட்டவர் ஒவ்வொன்றின் இறக்கையையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "தோல் சுத்தமா இருக்கே" என்றார்.

அத்தையிடம் வந்து சொன்னேன். "ராத்திரி பாக்கலாம்" என்றார். எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போனோம். எட்டையும் பார்த்தோம், ஒன்றும் அகப்படவில்லை. இனி மாதத்தில் இரண்டு ராத்திரி இப்படிப் பார்ப்பது என்று நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் கோழி இருந்தால், இன்று இருட்டிய பிறகு ஒன்றைக் கையில் எடுத்து வாலடி இறகை விலக்கிப் பாருங்கள். முகாமுக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக் கோழிகளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.